8 ஊர், 11 ராத்திரி... பெரியம்மா வீட்டுக்கு அரை நாள்!

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார்: ''மே மாதம் குடும்பத்தோடு முதல்முறையாக ஐரோப்பா போகிறோம். நான், கணவர், எட்டாவது படிக்கும் மகன், 68 வயது அம்மா. அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, 40 வருஷமாக பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார். முட்டி வலியால் இனி அவரால் விமானம் ஏறி இங்கே வர முடியாது. எங்களுக்குக் கிடைத்திருப்பது 11 ராத்திரிகள். பட்டியல் போட்டிருக்கிறோம். சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.''

பட்டியலைப் பார்த்தேன். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், ஜூரிச், லூசெர்ன், வெனிஸ், ரோம். எட்டு ஊர். 'பெரியம்மா வீடு' என்பதற்கு எதிரே, 'இரண்டாம் நாள், மதியம் வரை' என்று எழுதியிருந்தது.

புதுச்சேரியில் இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. அநேகமாகத் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிரான்ஸில் ஓர் உறவு இருக்கிறது. 1954 நவம்பர் 1-ம் தேதி ஆட்சி கைமாறியது. ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எழுதிக்கொடுத்தவர்களும் உண்டு, 'எதுக்கு வம்பு' என்று விட்டவர்களும் உண்டு. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு பாஸ்போர்ட், தம்பிக்கு வேறு பாஸ்போர்ட் என்று ஆன கதைகள் இங்கே சகஜம். சொல்தா பென்ஷன் வாங்கிய தாத்தாக்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதனால், சென்னைக்காரர் பாரிஸ் போவதும் புதுச்சேரிக்காரர் பாரிஸ் போவதும் ஒன்றில்லை. அவருக்கு அது சுற்றுலா. நமக்கு அதில் பாதி சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது.

சரி, கணக்குக்கு வருவோம்.

எட்டு ஊர் என்றால் ஏழு முறை இடம் மாற வேண்டும். ரயில் நேரத்தை மட்டும் பார்த்தால் எல்லாமே சுலபமாகத் தெரியும். பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் மூன்றேகால் மணி நேரம் சொச்சம். 'அட, விழுப்புரத்திலிருந்து திருச்சி போகிற நேரம்தானே' என்று தோன்றும். ஆனால், காலையில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, மெட்ரோவில் நின்று, ஸ்டேஷனில் பிளாட்பாரம் தேடி, அந்த ஊரில் இறங்கி, ஹோட்டல் கண்டுபிடித்தால், 'அறை மூன்று மணிக்குத்தான்' என்பார்கள். ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் அரை நாள் போய்விடும். ஏழு மாற்றம், மூன்றரை நாள். கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு, பெட்டியை இழுப்பதிலேயே காலி.

கும்பகோணத்தில் வேன் பிடித்து ஒரே நாளில் நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் பார்த்துவிட்டு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கோயிலில் என்ன பார்த்தோம் என்பது கலங்கியிருக்கும். வேன் டிரைவரின் பெயர் மட்டும் நன்றாக நினைவிருக்கும். அது ஒரு நாள் அனுபவம், பரவாயில்லை. இதையே 11 நாள்கள், முட்டி தேய ஆரம்பித்த வயதில் ஓர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு செய்வதை யோசியுங்கள்.

''இவ்வளவு செலவு செய்து போகிறோம். மறுபடி போவோமோ, மாட்டோமோ?'' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நடுத்தரக் குடும்பத்துக்கு இது வாழ்நாளில் ஒரு தடவை என்பதாகவே இருக்கலாம். ஆனால், அந்தக் கேள்வியை அம்மாவின் பக்கத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். வெனிஸை உங்கள் மகன் 30 வயதில் போய்ப் பார்க்கலாம். அக்காவும் தங்கையும் ஒரே அறையில் படுத்து விடியவிடியப் பேசுவது இன்னும் எத்தனை தடவை நடக்கும்? 'மதியம் வரை' என்று எழுதியவர் அம்மாவைக் கேட்டுவிட்டு எழுதினாரா?

கேட்டுவிடுங்கள். ''எங்கம்மா போகணும் உனக்கு?'' என்று. 'எனக்கென்ன, நீங்க கூட்டிட்டுப் போற இடத்துக்கு வர்றேன்' என்றுதான் முதலில் பதில் வரும். அதை நம்ப வேண்டாம். ஒரு நாள் விட்டு மறுபடியும் கேளுங்கள்.

ஊர்களைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. 'எல்லோரும் போகும் இடம்' என்பதை எடுத்துவிட்டு, 'நமக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்பேன். இந்தக் குடும்பத்துக்கு பாரிஸ் சம்பந்தம் தெரிந்ததுதான். ரோம்? அரியாங்குப்பம் தாண்டினால் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, இத்தாலியின் அரெட்சோ பகுதியில் செய்த மட்பாண்டங்களின் துண்டுகள் கிடைத்தன. ஒயினும் எண்ணெயும் வந்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகளும் வந்தன. எட்டாவது படிக்கும் பையன், 'நம்ம ஊருக்குக் கப்பல் அனுப்பினவங்க ஊரு இது' என்று கொலோசியத்தைப் பார்ப்பதற்கும், செல்ஃபிக்காகப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பனி மலை, ஏரி என்று ஒன்று வேண்டும் என்றால் லூசெர்ன். பிரஸ்ஸல்ஸும் கொலோனும் ஜூரிச்சும் இந்த முறை வேண்டாம். ஆம்ஸ்டர்டாமை விடுவதில் எனக்கும் வருத்தம்தான். இருந்தாலும் அது வடக்கே, லூசெர்ன் தெற்கே. எதிரெதிர் திசை.

ஆக, என் கணக்கு: பாரிஸ் 5 ராத்திரி, லூசெர்ன் 3, ரோம் 3. அவ்வளவுதான்.

பாரிஸிலிருந்து பாசல் வரை டி.ஜி.வி ரயிலில் மூன்று மணி நேரம், அங்கிருந்து லூசெர்ன் ஒரு மணி நேரம். லூசெர்னிலிருந்து ரோம் மட்டும் நீண்ட பயணம். மிலானில் மாறி, ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஆனால், அந்த நாளை வீண் என்று நினைக்க வேண்டாம். 57 கி.மீ நீளமுள்ள கோத்தார்டு சுரங்கம் வழியாக ஆல்ப்ஸ் மலைக்கு அடியிலேயே போகலாம். 2016-ல் திறந்தது, உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம் அதுதான். மகனுக்கு அது போதும்.

விமான டிக்கெட்டை பாரிஸ் போய் பாரிஸிலிருந்தே திரும்புவதாக எடுக்காதீர்கள். ரோமிலிருந்து மறுபடி பாரிஸ் போவதற்கே ஒரு நாள் போய்விடும். டிக்கெட் எடுக்கும்போது 'மல்டி சிட்டி' என்ற இடத்தை அழுத்தி, சென்னையிலிருந்து பாரிஸ், ரோமிலிருந்து சென்னை என்று போடுங்கள். பெரும்பாலும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டு தனி ஒருவழி டிக்கெட்டுகளாக எடுத்தால்தான் விலை ஏறும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அம்மா இரண்டாம் முறை கேட்கும்போது, ''நான் அக்கா வீட்டிலேயே இருக்கேன், நீங்க சுத்திட்டு வாங்க'' என்று சொன்னால்? அதை மறுக்காதீர்கள். அப்போது மட்டும் ரோமை விட்டுவிட்டு, நீங்கள் மூவரும் லூசெர்ன் போய்த் திரும்பி, எல்லோரும் பாரிஸிலிருந்தே விமானம் ஏறலாம். அரிக்கமேட்டுக் கதை மகனுக்குக் கொஞ்ச நாள் காத்திருக்கும். 68 வயதில் அம்மா தனியாக விமானம் மாறி வர வேண்டிய கஷ்டம் இருக்காது.

விசா எந்த நாட்டில்?

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். ஷெங்கன் என்பது 29 நாடுகளுக்கு ஒரே விசா. ஆனால், விண்ணப்பத்தை நினைத்த நாட்டுக்குக் கொடுக்க முடியாது. எந்த நாட்டில் அதிக நாள்கள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டுக்குத்தான். நாள்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாடு. மேலே சொன்ன திட்டத்தில் பிரான்ஸ் 5, சுவிட்சர்லாந்து 3, இத்தாலி 3. எனவே பிரான்ஸ். 'அந்த நாட்டு விசா சுலபமாகக் கிடைக்குமாம்' என்று யாரோ சொன்னதை நம்பி வேறு நாட்டில் போட்டுவிட்டு, ஹோட்டல் புக்கிங்கை பாரிஸில் காட்டினால் கதை கந்தல்.

லண்டனையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். பாரிஸிலிருந்து யூரோஸ்டாரில் இரண்டேகால் மணி நேரம்தான். ஆனால், அது ஷெங்கனில் இல்லை. தனி விசா, தனிக் கட்டணம். 11 ராத்திரியில் வேண்டாம்.

விசா கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயதிலிருந்து 12-க்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45. எட்டாவது படிக்கும் மகனுக்கு 12 தாண்டியிருக்கும் என்பதால் முழுக் கட்டணம். நான்கு பேருக்கு 360 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆக 35,000 ரூபாய்க்கு மேல் ஆகும். விசா மறுத்தால் இது திரும்பி வராது. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு கொடுக்க வேண்டும். மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் அப்பாயின்ட்மென்ட் தேடுவது, தீபாவளிக்கு முதல் நாள் பஸ் டிக்கெட் தேடுவது மாதிரி. ஜனவரி, பிப்ரவரியில் கொடுத்துவிடுங்கள்.

மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ ஈடுகட்டும் பயணக் காப்பீடு கட்டாயம். 68 வயது அம்மாவுக்கு எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர் பற்றி பாலிசி என்ன சொல்கிறது என்று படித்துப் பாருங்கள். பாஸ்போர்ட், ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். வெற்றுப் பக்கங்கள் இரண்டாவது இருக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்தால் பணம் திரும்பும் ஹோட்டல்களை மட்டும் புக் செய்யுங்கள். 'ரத்து செய்ய முடியாது, ஆனால் ஆயிரம் ரூபாய் குறைவு' என்ற ஆசையில் விழ வேண்டாம்.

மேரியில் ஒரு வேலை இருக்கிறது

பெரியம்மா வீட்டில் தங்குவது என்றால், 'அக்கா வீட்டில்தான் இருப்போம்' என்று வாயால் சொன்னால் போதாது. பெரியம்மாவோ, அவர் பிள்ளைகளோ, அவர்கள் ஊர் மேரிக்குப் போய் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற வரவேற்புச் சான்றை வாங்க வேண்டும். (நம் கடற்கரைச் சாலையில் 2014-ல் இடிந்து விழுந்து, மறுபடி அதே தோற்றத்தில் கட்டினார்களே, அந்த மேரி மாதிரி நகராட்சி அலுவலகம் அங்கே ஊருக்கு ஊர் உண்டு.) அதற்கு 30 யூரோ முத்திரை வரி. வீட்டில் இடம் இருக்கிறதா, வருமானம் எவ்வளவு என்றெல்லாம் பார்ப்பார்கள். சில வாரங்கள் ஆகலாம். பிறகு அசல் காகிதம் தபாலில் புதுச்சேரிக்கு வர வேண்டும். விசா வேலையில் மிக முதலில் தொடங்க வேண்டியது இதுதான். பலர் கடைசியில்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

நான்கு பேரும் அங்கேயே தங்குவதா? பாரிஸைச் சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகள் நம் வீடுகள் மாதிரி இல்லை. ஹாலில் பாய் விரித்து எட்டுப் பேர் படுக்கும் வழக்கம் அங்கே செல்லாது. என் யோசனை: ஐந்து ராத்திரியும் அம்மா மட்டும் அக்காவோடு. நீங்கள் மூவரும் பாரிஸில் ஹோட்டலில். அம்மா ஒருவருக்கு மட்டும் சான்று வாங்கினால் போதும். சான்று இருந்தால், கையில் காட்ட வேண்டிய பணமும் குறையும். பிரான்ஸ் விதிப்படி, ஹோட்டல் புக்கிங் உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ, சான்று உள்ளவருக்கு 32.50 யூரோ.

இதில் இன்னொரு லாபம். லூவ்ரில் மூன்று மணி நேரம் நடக்க அம்மாவுக்குத் தேவையும் இல்லை, ஆசையும் இல்லை. அவர் அக்காவோடு சந்தைக்குப் போய்க் கீரை விலை கேட்டுவிட்டு வரட்டும்.

பாரிஸில் ஐந்து நாள்

முதல் நாள் எதுவும் வைக்காதீர்கள். புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையம் மூன்று மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக, பிறகு இரண்டு விமானம். ஒரு முழு நாள் உட்கார்ந்தே போயிருப்பீர்கள். மே மாதத்தில் பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ஐந்தரைக்கு எழும் அம்மாவுக்கு அங்கே இரவு இரண்டு மணிக்கே விழிப்பு வந்துவிடும். அக்கா தங்கை பேசுவதற்கு நல்ல நேரம்.

இறங்கும் இடத்தில் கொஞ்சம் கவனம். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் விரல்ரேகையும் முகப் படமும் எடுத்துப் பதிவு செய்யும் புது முறை வந்திருக்கிறது. ஃபிராங்ஃபர்ட் போன்ற ஊரில் விமானம் மாறினால், இந்தச் சோதனை அங்கேயே நடக்கும். இரண்டு விமானங்களுக்கு இடையே ஒரு மணி நேரம்தான் என்ற டிக்கெட் வேண்டவே வேண்டாம்.

லூவ்ர் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஒர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை மூடியிருக்கும். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் போய், பூட்டிய கேட்டின் முன்னால் படமெடுத்துத் திரும்பியவர்கள் ஏராளம். ஈஃபிள் கோபுரத்தின் லிஃப்ட் டிக்கெட் 60 நாளுக்கு முன்பு இணையத்தில் திறக்கும். மேலே ஏற வேண்டும் என்றால் அன்றைக்கே எடுங்கள். 2019 ஏப்ரலில் எரிந்த நோத்ரதாம் பேராலயம், 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டது. உள்ளே போகக் கட்டணம் இல்லை.

ஈஃபிளுக்குப் போகும்போது மெட்ரோ 6-ம் எண் வழியைப் பிடியுங்கள். பாதி தூரம் தரைக்கு மேலே பாலத்தில் ஓடும் வண்டி. கோபுரத்துக்கு இறங்க வேண்டிய பீர்-அக்கேம் ஸ்டேஷனுக்கு முந்தைய ஸ்டேஷனின் பெயர் என்ன தெரியுமா? 'துய்ப்ளே'! நம் கடற்கரையில் சிலையாக நிற்கிறாரே, அதே கவர்னர் துய்ப்ளேதான். அங்கே இறங்கிக் கொஞ்சம் நடந்தால், 'பாண்டிச்சேரி தெரு' என்று பிரெஞ்சில் பெயர்ப்பலகை வைத்த சின்னத் தெரு ஒன்று இருக்கிறது. பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் உங்கள் மகனை அந்தப் பலகைக்குக் கீழே நிறுத்தி ஒரு படம் எடுங்கள். நம்மூர் பூல்வார் பகுதியில் நீல நிறப் பலகையில் பிரெஞ்சுப் பெயரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, இதில் ஒரு குறும்பு புரியும்.

ஒரு வேளையாவது சோறு வேண்டும் என்றால் காருதுநோர் ஸ்டேஷனுக்குப் பின்னால் லா ஷப்பேல் பகுதி. ஈழத்தமிழர் கடைகள், தோசை, கொத்து ரொட்டி, நகைக்கடை எல்லாம் வரிசையாக இருக்கும். மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கேதான். தேர் ஆகஸ்ட் கடைசியில் என்பதால் மே மாதம் பார்க்க முடியாது. காருதுநோர் பக்கம், மெட்ரோ, ஈஃபிள் வாசல் எல்லாமே பிக்பாக்கெட்காரர்களுக்குப் பிடித்த இடங்கள். பாஸ்போர்ட்டை முதுகுப் பையில் வைக்காதீர்கள்.

(1720-ஐ ஒட்டி, நம் ஊர் துபாஷ் நைனியப்ப பிள்ளை சிறையிலேயே செத்துப்போனதற்கு நியாயம் கேட்டு, அவர் மகன் குருவப்பா கப்பல் ஏறி பாரிஸ் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, 'செவாலியே' பட்டத்தோடு திரும்பி வந்து, அப்பா வகித்த பதவியில் உட்கார்ந்தார். போக வரக் கப்பலிலேயே பல மாதம். அவர் காலத்தில் 'அரை நாள் பாரிஸ்' என்று யாரும் எழுதியிருக்க முடியாது.)

லூசெர்னில் அதிகம் சொல்வதற்கில்லை. வானிலை நன்றாக இருக்கும் நாளை ரிகி மலைக்கு வையுங்கள். 1871-ல் தொடங்கிய பல்சக்கர ரயில் உச்சி வரை போகும். அம்மா நடக்க வேண்டியதே இல்லை. மற்ற நாள் ஏரியில் படகு. சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் இரண்டும் அதிலேயே அடங்கும். பெற்றோரிடம் அந்த பாஸ் இருந்தால் மகனுக்கு இலவசக் குடும்ப அட்டையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். ரோமில் வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை (மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும்).

இப்போதே தொடங்க வேண்டிய வேலை இன்னொன்று. அங்கே ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடிக்குக் குறையாமல் நடப்பீர்கள், அதுவும் கருங்கல் பாவிய தெருக்களில். மாலை ஆறு மணிக்கு மேல் நம் கடற்கரைச் சாலையில் வண்டி வராது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு காந்தி சிலையிலிருந்து தினமும் நடங்கள். புது செருப்பையும் ஷூவையும் அங்கேயே பழக்குங்கள். பெட்டி ஆளுக்கு ஒன்று, தானே தூக்கும் எடையில். கூலியாள் கிடையாது, பல மெட்ரோ ஸ்டேஷன்களில் லிஃப்டும் கிடையாது.

கடைசியாக, பெரியம்மாவுக்கு என்ன எடுத்துப்போவது? நெய், பால்கோவா, மில்க் ஸ்வீட் எதுவும் கூடாது. பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கொண்டுபோகத் தடை. கறிவேப்பிலைக் கட்டும் சான்றிதழ் இல்லாமல் போகக்கூடாது. வேடிக்கை என்னவென்றால், தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு உண்டு! எள்ளுருண்டை, காய்ந்த மிளகாய்ப்பொடி, வெங்காய வடகம் தாராளமாகப் போகலாம். நம் வீட்டு வடகத்தைத்தான் 'வதுவான்' என்று பிரெஞ்சுச் சமையல்காரர்கள் சின்ன டப்பாவில் விற்கிறார்கள். பெரியம்மா அதைக் கடையில் வாங்க மாட்டார். மார்ச், ஏப்ரல் வெயிலில் இரண்டு கிலோ காயவைத்து, இரண்டு உறைகளில் காற்றுப் புகாமல் கட்டி, கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். இல்லாவிட்டால் விமானம் முழுக்க வாசனை வரும்.